இடப்பக்கம் விழுந்த அம்புகள்

மக்களே,

போன ஞாயிற்றுக்கிழமை வெளியூர் போகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது நீ சொன்னாய்: "அப்பா, அங்க போனதும் சொந்தமா ஒரு வில் வாங்கப் போறேன். எது வாங்கணும்னு ஒரு பேப்பர்ல எழுதித் தாங்க. நீங்கதான் நோட்டு போட்டு வச்சிருக்கீங்களே." ஒரு பேப்பர்தான் கேட்டாய். எனக்கு எதையும் ஒரு பேப்பரில் அடக்கத் தெரியாது. ஆகவே இது நீளும். நீளும் என்பதால், படிக்கிறவன் நடுவில் வழி தவறாமல் இருக்க, என்னென்ன வரும் என்று முதலிலேயே எண் போட்டுவிடுகிறேன்.

1. ஏன் நேரில் சொல்லாமல் எழுதுகிறேன்.
2. முதல் வில்: பாரம், நீளம், அம்பு, மற்றவை.
3. கல்லாறு முதலியன. (வில்லோடு சம்பந்தமில்லை. ஆனால் இந்த இடத்தில்தான் வர வேண்டும்.)
4. உனக்குத் தெரியாத ஒன்று.
5. கடையில் என்ன கேட்க வேண்டும்.

நான்காவது எண்ணைப் படிக்காமல் நீ கடைக்குப் போகக் கூடாது. போனால் தவறான வில்லை வாங்கிவிடுவாய். படித்தால் வில் சரியாக அமையும். ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் பழையபடி பேசுவாயா என்பது எனக்கு நிச்சயமில்லை. அதனால்தான் அதை நான்காவதாக வைத்தேன். தாண்டிப் போகாமல் வரிசையாகவே வா.

ஒன்று. நேரில் சொல்ல ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்தில் உன் அம்மா புகுந்துவிடுவாள், மூன்றாவதில் நீ சிரிப்பாய், நான்காவது எனக்கு மறந்துபோகும். எடையளவுத் துறையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். படிக்கற்கள் வைத்த மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலைக் கம்போளம், ஆரியசாலை என்று சந்தைத் தெருக்களில் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதிப்பதுதான் வேலை. வியாபாரிகள் சாயா வரவழைப்பார்கள். நான் குடிக்க மாட்டேன். குடிக்காததற்கு அரைமணி நேரம் மன்னிப்பும் கேட்பேன். தராசில் குறை இருந்தால் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, அவர் படித்து முடிப்பதற்குள் அடுத்த கடைக்குப் போய்விடுவேன். பயந்தவன்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: குறையைப் பார்த்துவிட்டு எழுதாமல் வந்ததில்லை. அந்த முப்பத்தோரு வருஷத்தில் ஒருமுறைகூட இல்லை. பின்னால் வரப்போவதைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்.

இரண்டு. ஜூன் மழை தொடங்கிய வாரத்தில் நீ பூஜப்புரையில் ஒரு பள்ளி மைதானத்தில் வில் பழகச் சேர்ந்தாய். என்னையும் உன் ஸ்கூட்டரில் ஏற்றிவிட்டது உன் அம்மா. "இவரையும் கூட்டிட்டுப் போ மக்களே. வீட்டுல இருந்துக்கிட்டு கேஸ் சிலிண்டரை எடை போடுதாரு. நேத்து முருங்கைக்காயை எடை போட்டுப் பாத்துட்டு, அந்தக் கடைக்காரன் யோக்கியன்னு எனக்குச் சர்ட்டிபிகேட் தாராரு" என்றாள். உனக்கு முப்பது, எனக்கு அறுபத்தாறு. முதல் நாள் மழையில் எல்லோரும் தகரக் கொட்டகைக்குள் ஒதுங்கி நின்றோம். சொல்லித் தருகிறவர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியை, மலையாளி. எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'தான். கூட்டத்தில் பாதி பள்ளிப் பிள்ளைகள். சத்தத்தில் அவரால் ஒவ்வொருவராகப் பார்க்க முடியவில்லை. "எழுதுந்ந கை ஏதா?" என்று கேட்டார். நாம் இருவரும் வலக்கையைத் தூக்கினோம். இருவருக்கும் வலக்கை வில் தந்தார்.

ஆறு மாதம் வகுப்பு வில்லிலேயே பழகினாய். அது நல்லது. முதல் வாரமே சொந்த வில் வாங்கியவர்களை நீயும் பார்த்தாய். அந்த வங்கி அதிகாரியை நினைத்துக்கொள். ஆண்பிள்ளைக்கு நாற்பது பவுண்டாவது வேண்டாமா என்று நாற்பது பவுண்டு வில்லோடு வந்து நின்றார். வில்லின் பாரம் என்று இங்கே சொல்வது தராசில் வைத்தால் வருகிற எடையை இல்லை. நாணை முழுவதும் இழுத்து முகத்தருகே நிறுத்தும்போது மூன்று விரல்கள் தாங்குகிற பாரத்தை. அவர் இழுத்தார், தோளைத் தூக்கினார், முதுகை வளைத்தார், ஒரு மாதத்தில் கட்டுப்போட்ட தோளோடு வந்து வேடிக்கை பார்த்தார். இழுத்த பிறகு நிதானமாகப் பத்து எண்ணும்வரை நடுங்காமல் நிற்க முடிகிற வில்தான் உன் வில். உனக்கு இருபத்து நான்கு பவுண்டு போதும். யார் சிரித்தாலும் அதற்கு மேல் போகாதே. மேலும் கீழும் உள்ள தகடுகளைக் கழற்றி மாட்டக்கூடிய வில்லாக வாங்கு. லிம்ப் என்று கடையில் சொல்வார்கள். தோள் பழகிய பிறகு தகடுகளை மட்டும் கொஞ்சம் பாரமானதாக மாற்றிக்கொள்ளலாம். நடுப்பிடி அப்படியே இருக்கும்.

வில்லில் எழுதியிருக்கிற பாரத்தை அப்படியே நம்பாதே. இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இரண்டாவது வாரம் நான் என் பழைய சுருள்வில் தராசைப் பையில் வைத்துக் கொண்டுவந்து வகுப்பு வில்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு இழுத்துப் பார்த்தேனே, நீ வெட்கப்பட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டாய். டீச்சர் வந்து, "சாரே, வில்லினு ஃபைன் போடுமோ?" என்று கேட்டதற்கு மைதானமே சிரித்தது. ஆனால் அன்று கண்டது உண்மை. எழுதியிருக்கிற பாரம் இருபத்தெட்டு அங்குலம் இழுத்தால் வருவது. கை நீளமானவன் அதற்கு மேல் இழுப்பான், பாரம் கூடும், குட்டையானவனுக்குக் குறையும். இரு கைகளையும் விரித்து நடுவிரலிலிருந்து நடுவிரல்வரை அளந்து இரண்டரையால் வகுத்தால் உன் இழுப்பு நீளம் ஏறக்குறையக் கிடைக்கும். உனக்கு எழுபத்தொரு அங்குலம். ஆக இருபத்தெட்டுக்குக் கொஞ்சம் மேல். வில்லின் நீளம் அறுபத்தெட்டு அங்குலம் இருக்கட்டும். எனக்கு அறுபத்தைந்துதான். என் இழுப்பு இருபத்தாறு. உன் கை என் கையைவிட எவ்வளவு நீளம் என்பதை அன்றுதான் எண்ணில் பார்த்தேன்.

அம்பை வில்லுக்குப் பிறகு வாங்கு. வில்லின் பாரத்துக்குத் தக்கபடி அம்பின் விறைப்பு இருக்க வேண்டும். உன் இழுப்புக்குச் சரியாக வெட்டித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால், ஒன்றரை அங்குலம் கூடுதலாக விடச் சொல். புதியவனின் இழுப்பு இன்னும் மாறும், அம்பு குட்டையாகிவிட்டால் கைக்கு ஆபத்து. விரலுக்குத் தோல் உறை, முன்கைக்குக் கவசம் இரண்டும் முதல் நாளே வேண்டும். நாண் அடித்து என் முன்கை கன்றிப்போய் வந்த அன்று, "யாரு அடிச்சா உங்கள?" என்று உன் அம்மா கேட்டாள், நீ "டீச்சர்" என்றாய், அவள் ஒரு நிமிஷம் நம்பியும்விட்டாள். அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடவே கூடாது. நான் மூன்றாம் நாள் அதைச் செய்தேன். உடைந்த மாதிரி ஒரு சத்தம். டீச்சர் "அய்யோ சாரே!" என்று ஓடி வந்தார். நல்லவேளை, வில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன், பிறகு யாரும் பார்க்காதபோது வில்லிடமும் கேட்டேன். நாணை மாட்டியபடி வில்லை வைக்காதே. வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதே. பாக்கியை நோட்டில் பார்த்துக்கொள், நோட்டையும் உன் பெட்டியில் வைக்கிறேன்.

மூன்று. இதை எப்படித் தொடங்குவது என்று இரண்டு நாள் யோசித்தேன். நேராகவே எழுதிவிடுகிறேன். உன்மீது எனக்குப் பொறாமை உண்டு. தகப்பனுக்குப் பிள்ளைமீது வரக்கூடாத ஒன்று என்பார்கள். எல்லோருக்கும் வருமா, எனக்கு மட்டும்தானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இந்த வயதுவரை எனக்கு ஒரு நண்பன் அமையவில்லை.

உனக்கு ஒன்பது வயதில் கல்லாற்றுக்குப் போனோம். பொன்முடி ஏறுவதற்கு முன் ஆற்றங்கரையில் பொதி சோறு பிரித்துச் சாப்பிட்டது உனக்கு நினைவிருக்கலாம். நான் அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நூலகத்தில் நீச்சல் பற்றிய ஒரு புத்தகம் எடுத்து, கை எப்போது, கால் எப்போது, மூச்சு எப்போது என்று அட்டவணை போட்டு வைத்திருந்தேன். முதலில் நான் கற்று, பிறகு உனக்குக் கற்றுத் தருவதாகத் திட்டம். முழங்கால் தண்ணீரில் நின்று அட்டவணையை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்தபோது, கரையில் யாரோ இரண்டு பேர் நீந்துவதைப் பார்த்து நீயாகவே பாறையிலிருந்து குதித்தாய். இரண்டு தடவை தண்ணீர் குடித்தாய். மூன்றாவது தடவை நீந்தினாய். எல்லோரும் கைதட்டினார்கள். நான், "போதும், ஏறி வா, தண்ணி குளிருது, சளி பிடிக்கும்" என்று கத்தினேன். தண்ணீர் குளிரவில்லை. உன்னைக் காரில் ஏற்றித் தலை துவட்டிவிட்டேன். துவட்டியதில் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தம் இருந்தது. அதற்குப் பிறகு நாம் கல்லாற்றுக்குப் போகவே இல்லை. நீ பல தடவை கேட்டாய். பாதை சரியில்லை என்று நான் சொன்னது பொய்.

இன்னொன்று மொழி. நான் நாஞ்சில் நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. மலையாளம் இலக்கணத்தோடு படித்தேன். எழுத்தில் என் அறிக்கைகளில் ஒரு பிழை காட்ட முடியாது. ஆனால் வாயைத் திறந்தால் அலுவலகத்தில் யாராவது ஒருவர் உதட்டுக்குள் சிரிப்பார். முப்பத்தோரு வருஷம் அந்தச் சிரிப்போடு இருந்தேன். உனக்குப் பன்னிரண்டு வயதில் ஒருநாள் என் மேலதிகாரி வீட்டுக்கு வந்தார். நீ அவரிடம் பத்து நிமிஷம் பேசினாய். போகும்போது அவர் என்னிடம், "மோன் நம்முடெ ஆளாயல்லோ!" என்றார். பையன் நம்ம ஆளாகிவிட்டான் என்கிற பாராட்டுத்தான். உன் அம்மா அன்று பாயசம் வைத்தாள். நான் வயிறு சரியில்லை என்று படுத்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பு உன்னைத் தொடாது என்பதில் எந்தத் தகப்பனுக்கும் நிம்மதி வர வேண்டும். எனக்கு வந்தது நிம்மதி இல்லை. உனக்கு எதுவும் கடினமாக இல்லை என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

சின்னச் சின்னதாக இன்னும் எத்தனையோ. நான் சொன்னால் உன் அம்மா "உம்" என்கிற அதே நகைச்சுவையை நீ சொன்னால் அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து சிரிப்பது. நான் நான்கு முறை மனு கொடுத்து வாங்காத ஒரு சான்றிதழை நீ ஜன்னல் வழியாக ஒரு நிமிஷம் பேசி வாங்கிவந்தது. இவற்றையெல்லாம் நான் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறேன் என்பதுதான் எனக்கே பயமாக இருக்கிறது.

நான்கு. இனி வருவதுதான் விஷயம்.

வகுப்பில் சேர்ந்து மூன்று வாரம் ஆனபோது ஒன்றைக் கவனித்தேன். என் அம்புகள் பலகையில் சிதறிக் கிடக்கும். ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று புல்லில். ஆனால் கூட்டிப் பார்த்தால் நடுவைச் சுற்றித்தான் சிதறியிருக்கும். உன் அம்புகள் சிதறாது. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும்படி ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நிற்கும். ஆனால் நடுவில் நிற்காது. எப்போதும் இடப்பக்கம், ஓர் அடி தள்ளி. நீ அலுத்துக்கொள்வாய். "அதே இடத்துலதான்பா போவுது, எனக்குக் கண்ணுல ஏதோ கோளாறு" என்று விளையாட்டாகச் சொன்னாய். அந்த நேரத்திலேயே அது எந்த வகைக் குறை என்று எனக்குப் பிடிபட்டது. ஏனென்றால் அது என் தொழில். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகத் தவறுகிற தராசைத் தூக்கி எறியத்தான் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தவறுகிற தராசு அருமையான தராசு. ஓர் இடத்தில் ஒரு சின்னத் திருத்தம் செய்தால் கடையிலேயே அதைப்போல வேறு தராசு இருக்காது. நான் முதல் வகை, நீ இரண்டாம் வகை. அந்த மைதானத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அன்றே படித்துப் பார்த்தேன். கைகளில் வலது இடது இருப்பதுபோலக் கண்களிலும் ஒன்றுதான் ஆள்கிறது. வலக்கையால் எழுதுகிற சிலருக்கு ஆளும் கண் இடக்கண்ணாக இருக்கும். அப்படிப்பட்டவன் வலக்கை வில்லை எடுத்தால் அம்பு வலக்கண்ணுக்குக் கீழே இருக்கும், குறி பார்ப்பது இடக்கண்ணாக இருக்கும்; அம்பு இடப்பக்கமே போகும். மறுநாள் மாலை மொட்டைமாடியில் உன் அம்மா காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். உன்னைக் கூப்பிட்டு, இரண்டு கைகளையும் நீட்டி விரல்களுக்கு நடுவே ஒரு சின்னச் சந்து விட்டு, அதன் வழியாக எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கச் சொன்னேன். பார்த்துக்கொண்டே கைகளை முகத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். கைகள் எந்தக் கண்ணில் வந்து முட்டுகிறதோ அதுதான் ஆளும் கண். உன் கைகள் தயங்காமல் இடக்கண்ணுக்கு வந்தன. மூன்று தடவை செய்யச் சொன்னேன். மூன்று தடவையும் இடக்கண்.

"இது என்னத்துக்குப்பா?" என்றாய்.

"சும்மாதான். எனக்குக் கண் டாக்டர் சொல்லிக் கொடுத்தது. உனக்கு எப்படி இருக்குன்னு பாத்தேன்."

"அப்பம் எனக்கு ஓகேயா?"

"ஓகேதான்" என்றேன்.

அந்த ஒரு சொல்தான் இந்தக் கடிதம். ஒரு வாரம் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை முப்பது அம்பில் உன்னைவிட நான் நான்கு புள்ளி கூட எடுத்தேன். உன்னைவிட எதிலும் நான் ஒரு புள்ளியாவது அதிகம் எடுத்தது அதுதான் முதல் தடவை. ஸ்கூட்டரில் உன் பின்னால் உட்கார்ந்து வரும்போது ஊரே வேறு மாதிரி இருந்தது. இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்தேன். அது அப்படியே ஐந்து மாதம் ஆகிவிட்டது. நடுவில் நீ என்னிடம் வந்து, "அப்பா, நான் எங்க தப்பு பண்றேன்னு பாருங்களேன்" என்று கேட்டாய். நான் உன் முழங்கையைத் தொட்டு, கொஞ்சம் உயர்த்தச் சொன்னேன். உன் முழங்கை சரியாகவே இருந்தது. குறையில்லாத தராசில் குறை எழுதியதும், குறையுள்ள இடத்தில் சரியென்று முத்திரை குத்தியதும் அந்த ஒரு நாளில்தான்.

ஓணத்துக்கு முந்தின சனிக்கிழமை வகுப்புக்குள்ளேயே ஒரு போட்டி வைத்தார் டீச்சர். அன்று காலையில் நான் நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பழவங்காடிக்குப் போய்ப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். நான் நன்றாக எய்ய வேண்டும் என்று கேட்கவில்லை. கண் விஷயம் உன் காதுக்கு எட்டக் கூடாது என்று கேட்டேன். தேங்காய் முதல் வீச்சில் உடையாமல் உருண்டு என் காலடிக்கே வந்தது. பக்கத்தில் நின்றவர் எடுத்துக் கொடுத்து, "சாரே, கொஞ்சம் பலமாயிட்டு எறிய வேணும்" என்றார். பலமாக எறிந்தேன்.

நான் நூற்று எண்பத்தெட்டு, நீ நூற்று எழுபத்தேழு. பெரியவர்களில் எனக்கு மூன்றாம் இடம். ஓர் எவர்சில்வர் தூக்குப் பாத்திரம் தந்தார்கள். நீ ஓடிவந்து, "அப்பா, அடிபொளி!" என்று எல்லோர் முன்னாலும் என்னைத் தூக்கிவிட்டாய். என் கால் தரையில் படவில்லை. அந்த நேரத்தில்கூட எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? தோற்றவனுக்கு எப்படி இவ்வளவு சந்தோஷம் வருகிறது, எனக்கு ஏன் அது வராது என்று. பார், அதற்கும் பொறாமை.

நீ வெளியூர் போகாமல் இங்கேயே இருந்திருந்தால் இதை எழுதியிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எழுதியிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. நீ போகிறாய், இனி உன்னோடு போட்டி இல்லை, ஆகவே சொல்லத் துணிந்தேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் நீ ஒரு வலக்கை வில்லை வாங்கி, அதை வருஷக்கணக்காக இழுத்து, உன்னிடம் திறமை இல்லை என்று ஒருநாள் மூலையில் வைத்துவிடுவதை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. நான் சொன்ன 'ஓகே' அந்த வில்லில் உட்கார்ந்திருக்கும்.

ஐந்து. கடையில் இடக்கை வில் என்று கேள். இடக்கையால் நாணை இழுத்து, வலக்கையால் வில்லைப் பிடிப்பது அது. தகடுகள் இரு கைக்கும் பொது. நடுப்பிடிதான் கைக்குக் கை வேறுபடும், வாங்கிவிட்டால் மாற்ற முடியாது. கண்ணை முதலில் சோதிக்கச் சொல். சோதிக்காமல் வில்லை எடுத்து நீட்டுகிற கடையாக இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வா. ஒரு கண்ணை மூடிக்கொண்டு வலக்கையிலேயே தொடரலாம் என்றும் சிலர் சொல்வார்கள். பல வருஷம் பழகியவனுக்கு அது சரி. ஆறு மாதம் பழகிய உனக்குக் கையை மாற்றுவதுதான் நல்லது. முதல் இரண்டு வாரம் குழந்தை எழுதுவதுபோல இருக்கும், பிறகு வந்துவிடும். உனக்கு எல்லாம் வந்துவிடும்.

இவ்வளவையும் நேற்றே எழுதி முடித்தேன். கடைசியில் மன்னிப்பு என்று ஒரு பத்தி எழுதி, அது எனக்கே அலுவலகக் கடிதம் போலத் தோன்றியதால் அடித்துவிட்டேன். உறையில் போடுவதற்கு முன் யாராவது ஒருவர் பார்க்கட்டும் என்று இன்று மத்தியானம் உன் அம்மாவிடம் கொடுத்தேன். நீ ஏதோ வாங்க வெளியே போயிருந்தாய். அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கடைசிவரை படித்தாள். கல்லாற்றுப் பகுதியில் ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இம்புட்டுத்தானா? நாலாவது நாலாவதுன்னு எழுதியிருக்கீங்களேன்னு நான் பயந்துபோனேன்."

"இம்புட்டுத்தானான்னா? ஐஞ்சு மாசம் அவங்கிட்ட மறைச்சிருக்கேன்."

"எதை மறைச்சீங்க? அது அவனுக்குத் தெரியுமே."

எனக்குப் புரியவில்லை. "எது தெரியும்?" என்றேன்.

"கண்ணு சமாச்சாரம்தான். மாடியில வச்சுக் கையைக் கூட்டிப் பாக்கச் சொன்னீங்கல்லா? மறுநாளே அந்த டீச்சர்ட்ட போய், அப்பா இப்படிச் செய்யச் சொன்னாரு, என்னத்துக்குன்னு கேட்டிருக்கான். அவ சிரிச்சுக்கிட்டு, 'மோனே, தெற்று என்றேதா, நான் அன்னே நோக்கணமாயிருந்நு'ன்னு, தப்பு அவளோடதுதான், அன்னைக்கே பாத்திருக்கணும்னு சொல்லிட்டு ஒரு இடக்கை வில்லை எடுத்துக் குடுத்தாளாம். நீங்க போகாத நாளெல்லாம் அதுலதான் பழகுதான். எனக்குப் போனுல காட்டினான். நடுவுல போயில்லா சொருகுது."

நான் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "பின்னே எங்கூட வார நாள்ல வலக்கையில எய்தானே?"

"ஆமா."

"ஏன்? எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"நானும் கேட்டேன். 'இருக்கட்டும்மா, அப்பா இப்பம் சாப்பிடும்போ பேசுதாரு'ன்னான்."

நான் அதுவரை சாப்பிடும்போது பேசியதில்லையா என்று அவளிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். நான் சொல்லி அவள் சிரித்தது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. "கல்யாணமான நாள்லேருந்து ரசம் வேணும்னா கையைக் காட்டுவீங்க, மோர் வேணும்னா இன்னொரு மாதிரி காட்டுவீங்க. நான் ஊமைக்குச் சோறு போடுத மாதிரிதான் போட்டேன். ஆடி மாசம்தான் வாயைத் திறந்தீங்க. காத்து எங்கிருந்து வந்துச்சு, பதினேழாவது அம்பு ஏன் தவறிச்சு... இப்பம் நிப்பாட்ட முடியல்ல. அவனும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு இருப்போம்."

அவள் எழுந்து போனபிறகு அந்த மேசையிலிருந்தே இதைத் தொடர்ந்து எழுதுகிறேன். முதலில் எனக்கு என்ன தோன்றியது என்று சொல்கிறேன். அழகாக ஒன்றும் தோன்றவில்லை. ஓணப் போட்டியின்போது நீ இடக்கையில் பழகி இரண்டு மாதம்தான் ஆகியிருக்கும், அந்த இரண்டு மாதப் பழக்கத்தில் இடக்கையால் எய்திருந்தாலும் ஒருவேளை நான்தான் முன்னால் வந்திருப்பேனோ என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு தடவை போட்டேன். இப்படிப்பட்டவன்தான் உன் அப்பா. அதற்குப் பிறகுதான் மற்றது மெல்ல வந்தது. நான் உன் முழங்கையை உயர்த்தச் சொன்ன அன்று, என்னிடம் வந்து தப்பு எங்கே என்று கேட்டாயே, அப்போதே உனக்குத் தெரியும். நான் சொல்வேனா என்று பார்க்கத்தான் கேட்டாயோ. அல்லது நான் சொல்வதற்கு ஒரு வழி திறந்து கொடுத்தாயோ. நான் முழங்கையைத் தொட்டேன். நீ முழங்கையை உயர்த்தி, அம்பை இடப்பக்கம் விட்டாய். ஒரே விஷயத்தை இரண்டு பேரும் ஐந்து மாதம் மறைத்திருக்கிறோம். நான் எதற்காக மறைத்தேன் என்பது மேலே இருக்கிறது. நீ எதற்காக மறைத்தாய் என்பதை உன் அம்மா சொன்னாள். மறைப்பதிலும் நீதான் என்னைவிடத் தேர்ந்தவன். இதற்கு வரும் பொறாமையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் கிழித்துவிட்டு, நீ கேட்ட அந்த ஒரு பேப்பரில் பாரம், நீளம், கை என்று மூன்று வரி எழுதலாமா என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. இரண்டாவது எண்ணில் உள்ள அளவுகள் சரி, திரும்பவும் சரிபார்த்தேன். மூன்றாவதில் உள்ளதெல்லாம் நடந்தவை. ஐந்தாவதை நீ படிக்க வேண்டிய தேவையே இல்லை, ஆனாலும் இருக்கட்டும். நான்காவது எண் மட்டும் தவறு. 'உனக்குத் தெரியாத ஒன்று' என்று தலைப்பு போட்டிருக்கிறேன். தெரியாமல் இருந்தவன் நான்.

அப்பா